கேள்வி உங்கட, பதில் என்ட: நிலம் ஏன் சிக்கிச் சிக்கி வருது?

போன இதழ்ல சும்மா ஒரு வரிதான் போட்டிருந்தன், வீட்டுல இருந்து கேம் செஞ்சு பழகுற ஆக்கள் இருந்தா கேள்வி அனுப்புங்க எண்டு. பொத்துவில்ல இருந்து வாழைச்சேனை வரைக்கும் இவ்வளவு பேர் சத்தமில்லாம கேம் செய்றிங்க எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே! வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விசயம்தான். நிலத்தக் கையால வரையாம, ஒரு நம்பர விதையாக் குடுத்து, நொய்ஸ் எண்ட கணக்காலயே மலை, பள்ளம், கடற்கரை எல்லாத்தையும் கேம் ஓடக்குள்ளயே முளைக்க வைக்கிறது. முளைக்குது, ஆனா சிக்கிச் சிக்கி முளைக்குது எண்டுதான் எல்லாரும் அழுறிங்க. அதால இந்த முறை முழுப் பக்கமும் அதுக்குத்தான், ஃபோன் பட்டரி பத்திக் கேட்ட ஆக்கள் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுங்க.

களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி:
அண்ணா, கடைசி வருச புரொஜெக்டுக்கு யுனிட்டி எண்ட கேம் எஞ்சின்ல ஒரு கேம் செய்றன். நடக்க நடக்க முன்னால நிலம் துண்டு துண்டா உருவாகும். ஒவ்வொரு புதுத் துண்டு வரக்குள்ளயும் படம் அப்படியே நிண்டுட்டுப் போகுது. பெர்லின் நொய்ஸ எடுத்துட்டு சிம்ப்ளெக்ஸ் நொய்ஸ் போட்டுப் பாத்தன், ஒரு மாற்றமும் இல்ல. ஒரு துண்டு 128க்கு 128 கட்டம், 6 ஒக்டேவ். கோட் ஃபைலும் அனுப்பியிருக்கன்.

தங்கச்சி, கோட் ஃபைலோட அனுப்பினிங்களே, அதுக்கு முதல்ல பெரிய நன்றி. 'கேம் ஸ்லோ, என்ன செய்யலாம்' எண்டு மட்டும் எழுதினா நான் என்னத்தச் சொல்ற, ஃபோன்ல காய்ச்சல் எண்டு சொன்னா எல்லாரும் பனடோல் குடிங்க எண்டுதானே சொல்லுவாங்க.

சிம்ப்ளெக்ஸ் போட்டும் ஒண்டும் நடக்கல்ல எண்டதுல புதினமே இல்ல. கென் பெர்லின் எண்ட மனுசன் 1985ல வெளியிட்ட பழைய நொய்ஸ், ஒரு புள்ளிக்கு உயரம் கணக்குப் பாக்க அந்தப் புள்ளி விழுற சதுரத்தோட 4 மூலையையும் பாக்கும். அவரே 2001ல கொண்டு வந்த சிம்ப்ளெக்ஸ் சதுரத்த விட்டுட்டு முக்கோணத்துல வேலை செய்றதால 3 மூலையோட முடிச்சிரும். 4க்கும் 3க்கும் என்ன பெரிய லாபம்? முப்பரிமாணத்துல 8க்குப் பதிலா 4, நாலு பரிமாணத்துல 16க்குப் பதிலா 5 எண்டு போகக்குள்ளதான் அதோட அருமை தெரியும். நீங்க செய்றது வெறும் உயர வரைபடம், ரெண்டே ரெண்டு பரிமாணம். தலகாணிய மாத்தினா தலையிடி போகுமா எண்டு கேப்பாங்களே, அந்தக் கதைதான்.

இப்ப உங்கட கோட்டுக்கு வாறன். 128 கட்டம் எண்டா ஒரு பக்கத்துக்கு 129 புள்ளி, மொத்தம் 16,641 புள்ளி. 6 ஒக்டேவ் எண்டா பெரிய அலையில இருந்து சின்ன அலை வரைக்கும் 6 அடுக்கு, ஒவ்வொரு புள்ளிக்கும் நொய்ஸ 6 தரம் கூப்பிடணும், 99,846 தரம். இது வரைக்கும் பரவால்ல. அதுக்குக் கீழ நோர்மல் கணக்குப் பாக்கிற இடம் ஒண்டு இருக்கே, அவடத்தத் திறந்து வச்சிட்டு இத வாசிங்க. வெளிச்சம் சரியா விழணும் எண்டா நிலம் எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு எண்டு தெரியணும், அதுக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், வலம், முன், பின் நாலு பக்கத்து உயரமும் தேவை, சரி. ஆனா அந்த நாலு உயரத்தையும் எடுக்க நீங்க திரும்பவும் அதே ஃபங்ஷனத்தான் கூப்பிடுறிங்க. பக்கத்துப் புள்ளியோட உயரத்த ஒரு நிமிசத்துக்கு முன்னதானே கணக்குப் பாத்து அரே எண்ட பட்டியல்ல போட்டிங்க, அத எடுத்துப் பாக்காம திரும்ப முதல்ல இருந்து! இப்ப கணக்க எடுங்க, 16,641 புள்ளி, ஒவ்வொண்டுக்கும் 5 உயரம், ஒவ்வொரு உயரத்துக்கும் 6 ஒக்டேவ், 499,230 தரம்.

ஓரத்துல இருக்கிற புள்ளிக்கு அங்கால பக்கத்து உயரம் அரேயில இல்லையே எண்டுதான் நீங்க அப்படி எழுதியிருப்பிங்க, அது விளங்குது. அதுக்கு வழி, உயரம் கணக்குப் பாக்கிற அரேய நாலு பக்கமும் ஒரு புள்ளி அகலத்தால கூட்டி 131க்கு 131 ஆ வைங்க. மெஷ் எண்ட முக்கோண வலையக் கட்டக்குள்ள நடுவுல இருக்கிற 129 மட்டும் எடுங்க, ஓரத்துப் புள்ளிகள் நோர்மலுக்கு மட்டும். 17,161 புள்ளி, 6 ஒக்டேவ், 102,966 தரம். கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்டு. ஓரத்துப் புள்ளி இருக்கிறதால துண்டுக்குத் துண்டு வெளிச்சம் மாறித் தெரியுற கோடும் வராது.

அடுத்தது முக்கோண லிஸ்ட். ஒவ்வொரு துண்டுக்கும் 98,304 நம்பர் உள்ள புது அரே ஒண்டு உருவாக்கி எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியும் சேந்து முக்கோணம் எண்டு நிரப்புறிங்க. அந்த லிஸ்ட்ல உயரம் எங்கயாவது வருதா? இல்ல. எல்லாத் துண்டுக்கும் அது அச்சு அசல் ஒண்டு. கேம் தொடங்கக்குள்ள ஒருக்கா செஞ்சு வச்சிட்டு எல்லாத் துண்டுக்கும் அதையே குடுங்க. புள்ளி 65,535க்குள்ள இருக்கிறதால 16 பிட் நம்பரே போதும், 32 பிட்டுக்கு 393,216 பைட் எடுக்கிறது பாதியாக் குறையும். இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் புது அரே எடுத்து எடுத்து எறிஞ்சா, கார்பேஜ் கலெக்டர் எண்ட குப்பைக்காரர் தனக்கு நேரம் வந்த உடன நடு ரோட்டுல லொறிய நிப்பாட்டிட்டு அள்ளத் தொடங்குவார், பின்னால எல்லாரும் நிக்கணும். நீங்க சொல்ற 'நிண்டுட்டுப் போகுது' எண்டதுல ஒரு பங்கு அதுதான். தூரமாப் போன துண்டோட அரேய எறியாம, புதுத் துண்டுக்கு அதையே திருப்பிப் பாவிங்க.

ஆனா எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகுது எண்டு காட்டுற புரொஃபைலர்ல பெரிய கம்பம் மாதிரி எழும்பி நிக்கிறது இது ரெண்டுமே இல்ல, ஆள் நிலத்துக்குள்ள விழாமத் தாங்குற கொலைடர். ஆள் நிலத்துல நிக்க நீங்க மெஷ் கொலைடருக்கு அந்த மெஷக் குடுத்த உடன, ஃபிசிக்ஸ் எஞ்சின் 32,768 முக்கோணத்தையும் தனக்கு ஏத்த மாதிரி அடுக்கி வைக்கும், அது கேமோட முக்கிய வேலை எல்லாம் வரிசையா ஓடுற மெயின் த்ரெட்லயே நடக்கும். யுனிட்டியில ஃபிசிக்ஸ்.பேக்மெஷ் எண்டு ஒண்டு இருக்கு, அத வேற த்ரெட்ல முதல் ஓட விட்டு, முடிஞ்ச பிறகு கொலைடர்ல போடுங்க. அதை விட முக்கியம், ஆள் நிக்கிற துண்டுக்கும் சுத்தி இருக்கிற 8க்கும் மட்டும் கொலைடர் போதும். அங்கால தூரத்துல இருக்கிற மலையில யாரு வந்து முட்டப் போற?

நான் இத இவ்வளவு நிச்சயமாச் சொல்றன் எண்டா நானும் இதே குழியில விழுந்தவன்தான். முதல் முதல் காசுக்குச் செஞ்ச வேலை, ரெண்டு கிழமை இரவு பகலா நொய்ஸ் ஃபங்ஷன இழைச்சு இழைச்சு எழுதினன், வீட்டுல அம்மா 'மனே, அந்தப் பெட்டியோடயே படு' எண்டு பேசுற அளவுக்கு. கடைசியில புரொஃபைலரத் திறந்து பாத்தா நொய்ஸ் ஒரு சின்னப் பட்டை, கொலைடர் அதுக்குப் பக்கத்துல தென்ன மரம் மாதிரி. அந்த ரெண்டு கிழமைய யாரு திருப்பித் தாற!

இன்னும் ஒண்டு சொல்லிட்டு விடுறன். செக்கனுக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் எண்டா ஒரு ஃபிரேமுக்கு 16.6 மில்லி செக்கன், 30 எண்டா 33.3. அதுக்குள்ள படம் வரையணும், ஆள நடத்தணும், சத்தம் போடணும், நிலத்துக்கு மிஞ்சுறது ரெண்டு மூண்டு மில்லி செக்கன்தான். அதால துண்டுகள ஒரு வரிசையில போட்டு, உயரக் கணக்க வேற த்ரெட்ல விட்டு (யுனிட்டியோட ஜொப் சிஸ்டமும் பர்ஸ்ட் கொம்பைலரும் அதுக்குத்தான் இருக்கு), முடிஞ்சு வாறத ஒரு ஃபிரேமுக்கு ஒண்டு எண்டு மட்டும் மெயின் த்ரெட்ல ஏத்துங்க. ஆளுக்குக் கிட்டவும், ஆள் பாக்கிற பக்கமும் இருக்கிற துண்டு வரிசையில முதல் நிக்கட்டும்.

சம்மாந்துறையில இருந்து ஒரு ஏ.எல் மாணவர்:
அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. மைன்கிராஃப்ட் மாதிரி கட்டிகளால ஆன உலகம் ஒண்டு கொடோ எண்ட கேம் எஞ்சின்ல செய்றன். ஒரு துண்டு 16க்கு 16, உயரம் 128. சுத்தி அஞ்சு துண்டு வச்சாலே லெப்டொப் ஃபேன் கத்துது. மொழிய சி பிளஸ் பிளஸுக்கு மாத்தினா சரி வருமா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. மொழிய மாத்துறதக் கடைசிக்கு வைங்க, அதுக்கு முன்ன ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்ற லூப்பத் திறங்க. நீங்க அனுப்பின படத்துல மூண்டு லூப் ஒண்டுக்குள்ள ஒண்டு இருக்கு, நீளம், அகலம், உயரம். நிலத்தோட உயரத்தத் தாற நொய்ஸ் நடுவுல, உயர லூப்புக்குள்ள கிடக்கு. அந்த நொய்ஸுக்குத் தேவை நீளமும் அகலமும் மட்டும்தானே, 128 தரமும் ஒரே விடையத்தானே தருது? அத ஒரு வரி மேல தூக்கி வைங்க. 32,768 தரம் கூப்பிட்டது 256 தரமாக் குறையும். ஒரு வரி கட் பேஸ்ட். வாப்பாட்டச் சொல்லி புது லெப்டொப் கேக்கிற எண்ணம் இருந்தா அதையும் ஒத்தி வைங்க.

குகை வேணும் எண்டு முப்பரிமாண நொய்ஸ் போடக்குள்ளதான் உண்மையில பாரம் கூடும். அதுக்கு மைன்கிராஃப்ட் செய்ற வேலையப் பாருங்க. 2021 கடைசியில வந்த 1.18 பதிப்புல இருந்து அதோட உலகம் 384 கட்டி உயரம், ஒரு துண்டுக்கு 98,304 கட்டி. ஒவ்வொரு கட்டிக்கும் நொய்ஸ் கேட்டா செத்தம். அதுக்குப் பதிலா 4க்கு 4 அகலமும் 8 உயரமும் உள்ள பெட்டிகளாப் பிரிச்சு, பெட்டியோட மூலைகள்ல மட்டும் கேட்டு, உள்ளுக்க இருக்கிறத இடைப்பட்ட பெறுமதியா நிரப்பும். மூலைகள எண்ணினா 5 தர 5 தர 49, வெறும் 1,225. எண்பதுல ஒரு பங்கு வேலை. குகைச் சுவர் கொஞ்சம் மழுங்கலா வரும், அது வடிவாத்தான் இருக்கும், யாரும் குறை சொல்லமாட்டாங்க.

பிறகு முகங்கள். ஒரு கட்டிக்கு 6 முகம். 16க்கு 16க்கு 16 கல்லால நிரம்பின துண்டுல 4,096 கட்டி, எல்லா முகத்தையும் வரைஞ்சா 24,576. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கிற முகத்த எந்தக் கண்ணும் பாக்காது, காத்துப் படுற முகத்த மட்டும் வரைஞ்சா 1,536. அதுலயும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரிக் கிடக்கிறதச் சேத்து ஒரு பெரிய சதுரமாக்கினா, அதுக்குப் பேர் கிரீடி மெஷிங், மொத்தமே 6. ஆனா கிரீடி மெஷிங்குக்கு அவசரப்பட வேணாம் எண்டது என்ட அபிப்பிராயம். ஒரு கட்டிய உடைச்சா அந்தத் துண்டு முழுக்கத் திரும்பச் சேத்துப் பாக்கணும், பெரிய சதுரத்துல புல்லுப் படம் இழுபடாம இருக்க டெக்ஸ்ச்சர் அரே வேற வேணும். முகத்த மறைக்கிறதோட நிப்பாட்டி ஓட விட்டுப் பாருங்க, பத்துக்கு ஒம்பது தரம் அதுவே போதும்.

இவ்வளவும் செஞ்சும் மெதுவா இருந்தா, ஓம், கொடோவோட சொந்த மொழி ஜீடி ஸ்கிரிப்ட்ல கட்டி கட்டியா லூப் ஓடுறது பாரம்தான், அந்த ஒரு பகுதிய மட்டும் சி ஷார்ப் இல்லாட்டி சி பிளஸ் பிளஸுக்கு எடுங்க. நொய்ஸுக்கு கொடோ 4லயே ஃபாஸ்ட்நொய்ஸ்லைட் இருக்கு, அது ஏற்கனவே சி பிளஸ் பிளஸ்லதான் ஓடுது, நீங்க எழுதத் தேவையில்ல.

வாழைச்சேனை வாசகர் ஒருவர்:
ஃபோன்ல முதல் பத்து நிமிசம் 60 ஃபிரேம்ல பறக்குது. அதுக்குப் பிறகு தானா பாதியாகுது. மெமரி லீக், பாவிச்ச மெமரியத் திருப்பிக் குடுக்காம விடுறது எண்டு மூண்டு நாளாத் தேடுறன், ஒண்டும் அம்பிடுதில்ல.

ஃபோனத் தொட்டுப் பாத்திங்களா? கச்சான் காத்து அடிக்கிற மாசம், வீட்டுக்கு மேல சீட் கூரை, பகல் ரெண்டு மணி, கையில ஃபோன், சிப்புக்குள்ள இருக்கிற எல்லா கோரும் முழு வேகத்துல நிலம் செஞ்சுகொண்டு இருக்கு. ஃபோனுக்கு ஃபேன் இல்ல, தன்னக் காப்பாத்திக்கொள்ள ஒரே வழி சிப்போட வேகத்தக் குறைக்கிறது. உங்களுக்கு மெமரி லீக் இல்ல, வெயில் லீக். சந்தேகம் எண்டா அதே கேம விடிய அஞ்சு மணிக்கு ஓட விட்டுப் பாருங்க, பத்து நிமிசம் இருபதாகும்.

நான் டெஸ்ட் பண்றது வேணுமெண்டே பகல்லதான், நம்மட ஆக்கள் ஏசி ரூம்லயா விளையாடப் போறாங்க? ஃபோனுக்கு 30 ஃபிரேமோட நிப்பாட்டுங்க, ஒரே சீரா வாற 30, ஏறி இறங்குற 60ஐ விட கண்ணுக்கு நல்லம். எத்தன கோர் இருக்கோ அத்தனையையும் நிலத்துக்குக் குடுக்காதிங்க, ரெண்டு த்ரெட் போதும், ஃபோன்ல பாதி கோர் சின்னக் கோர்தானே, எல்லாத்தையும் பிடிச்சா மெயின் த்ரெட்டுக்கு இடமில்லாமப் போகும்.

பிறகு, உங்கட கோட்ல ஒரு விசயம் கண்ணுல பட்டுது. ஆளுக்கு 8 துண்டு தூரத்துக்குள்ள வந்தா உருவாக்கு, 8க்கு வெளிய போனா அழி. அப்ப ஒரு ஆள் துண்டோட எல்லைக் கோட்டுல நிண்டு ஒரு எதிரியோட சண்டை பிடிக்கிறார் எண்டு வைங்க, ரெண்டு அடி முன்னுக்கு, ரெண்டு அடி பின்னுக்கு. ஒவ்வொரு அடிக்கும் தூரத்துல 17 துண்டு ஒரு பக்கம் அழியுது, 17 துண்டு மற்றப் பக்கம் முளைக்குது. ஆள் ஒரு இடத்தயும் போகல்ல, ஃபோன் மட்டும் கிரிபத்கொட வரைக்கும் ஓடிட்டு வந்த மாதிரி களைக்குது. 8ல உருவாக்குங்க, 10ல அழிங்க. நடுவுல ரெண்டு துண்டு இடைவெளி விட்டா இந்தக் கூத்து நிண்டுரும். ஆள் அசையாம நிக்கக்குள்ள ஒரு த்ரெட்டும் சும்மா சுத்திக்கொண்டு இருக்காமப் பாத்துக்கொள்ளுங்க.

அக்கரைப்பற்றுல இருந்து, பேர் போட வேணாம் எண்டு கேட்டவர்:
தூரத்து நிலத்துக்குப் புள்ளிகளக் குறைச்சா வேகம் கூடும் எண்டு செஞ்சன், கூடினது உண்மை. ஆனா துண்டுக்கும் துண்டுக்கும் இடையில வெள்ளை வெள்ளையா கீறல் தெரியுது.

வட்டையில வரம்பு கட்டின ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்ல, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல இல்லாட்டி தண்ணி ஒழுகும். கிட்டத்துத் துண்டுக்கு ஓரத்துல 129 புள்ளி, தூரத்துத் துண்டுக்கு அதே ஓரத்துல 65. கிட்டத்துத் துண்டுல ஒண்டு விட்டு ஒரு புள்ளி, மற்றப் பக்கம் நேர்கோடாப் போற இடத்துல கொஞ்சம் மேலயோ கீழயோ நிக்கும், அந்த இடுக்கால பின்னால இருக்கிற வானம் தெரியுது. அதுதான் உங்கட வெள்ளைக் கீறல்.

முறையாத் தைக்கிறது எண்டா ஓரத்து முக்கோணத்த மாத்தி அடுக்கணும், நாலு பக்கமும் எது எது தூரத் துண்டு எண்டு பாத்து. செய்யலாம், நானும் ஒருக்கா செஞ்சன், இனிச் செய்யமாட்டன். லேசான வழி, ஒவ்வொரு துண்டோட ஓரத்துலயும் கீழ நோக்கி ஒரு பாவாடை தொங்க விடுறது. ஓரப் புள்ளிகளக் கொப்பி எடுத்து ரெண்டு மூண்டு மீட்டர் கீழ இறக்கி, ரெண்டையும் முக்கோணத்தால சேக்கிறது. இடுக்கால பாத்தா வானத்துக்குப் பதிலா அதே மண் நிறம் தெரியும், ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது.

தூரத் துண்டுக்குப் புள்ளியக் குறைச்ச நீங்க ஒக்டேவையும் குறைச்சிங்களா? 8 மீட்டருக்கு ஒரு புள்ளி வைக்கிற இடத்துல, 2 மீட்டர் அகலத்துல ஏறி இறங்குற ஒக்டேவக் கணக்குப் பாத்து என்ன பிரயோசனம்? அது வடிவையும் தராது, நடக்கக்குள்ள மலை நடுங்குற மாதிரித் தெரியும், அவ்வளவுதான். புள்ளி இடைவெளியோட ரெண்டு மடங்கை விடச் சின்ன அலை எல்லாத்தையும் வெட்டுங்க. வெட்டினா உயரமும் ஒரு பொட்டு மாறும், ரெண்டு துண்டும் சந்திக்கிற இடத்துல, அதையும் அந்தப் பாவாடையே மறைக்கும்.

கீறல் கிட்டத்துத் துண்டுகளுக்கு இடையிலயும், அதுவும் படி மாதிரி பெரிசாத் தெரியுதெண்டா அது வேற வருத்தம். ஒவ்வொரு துண்டுலயும் அந்தத் துண்டோட ஆகக் கூடின உயரத்தையும் ஆகக் குறைஞ்ச உயரத்தையும் தேடி, அதால பிரிச்சு 0க்கும் 1க்கும் இடையில கொண்டு வாறிங்களா? அப்படியெண்டா ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு அடிமட்டம். முழு உலகத்துக்கும் ஒரே அளவால பிரிங்க.

காத்தான்குடி வாசகர்:
எல்லாக் கணக்கையும் ஜீபியூ எண்ட படம் வரையுற சிப்புல போட்டா என்ன?

போடலாம், பறக்கும். ஆனா ஆள் நிக்க கொலைடர் வேணும், கொலைடருக்கு உயரம் சீபீயூ எண்ட பிரதான சிப்புல வேணும், ஜீபியூல இருந்து அத உடன திருப்பிக் கேட்டா ரெண்டும் ஒண்டுக்காக ஒண்டு காத்துக்கொண்டு நிக்கும். கேட்டுட்டு வேற வேலையப் பாத்து, ரெண்டு மூண்டு ஃபிரேம் கழிச்சு வாறத வாங்கிற மாதிரி எழுதத் தெரிஞ்சா செய்ங்க. தூரத்துல பாக்கிறதுக்கு மட்டும் இருக்கிற நிலத்துக்கு அது அருமையான வழி.

மட்டக்களப்பு நகரத்துல இருந்து ஒரு ஆசிரியர்:
தம்பி, பிள்ளைகளோட சேந்து நம்மட வாவியையும் அதோட ரெண்டு கரை, எழுவான்கரை, படுவான்கரையையும் கேம்ல கொண்டு வர ஆசை. நொய்ஸால செஞ்சா எந்தப் பக்கம் பாத்தாலும் நுவரெலியா மாதிரி வருது. உண்மையான உயரத் தரவு எடுத்தா நல்லமா? அது கேம மெதுவாக்குமா?

சேர், இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினன் எண்டும் சொல்லலாம். நொய்ஸ ஒக்டேவ் ஒக்டேவாக் கூட்டினா வாறது எல்லாத் திசையிலயும் ஒரே சீரா உருண்டு உருண்டு போற குன்று. நம்மட பக்கம் அப்படியா கிடக்கு? கடற்கரை மணல், தென்னந்தோப்பு, வாவி, அங்கால கண்ணுக்கெட்டின தூரத்துக்கு வட்டை, பிறகு எங்கயோ ஒரு இடத்துல குடும்பிமலை மாதிரி திடீரெண்டு ஒரு பாறை எழும்பி நிக்கும். தட்டை, தட்டை, தட்டை, பாறை. இது வேகத்துக்கு நல்ல செய்தி, ஏனெண்டா தட்டையான இடத்துக்குக் கணக்கே தேவையில்ல.

எப்படி எண்டா, 6 ஒக்டேவுல முதலாவதுக்குப் பலம் 1, அடுத்தது 0.5, பிறகு 0.25 எண்டு பாதி பாதியாக் குறையும். முதல் ரெண்டையும் கூட்டின பிறகு மிச்சம் நாலும் சேந்து ஆகக் கூடக் குடுக்கக் கூடியது 0.46875தான். முதல் ரெண்டோட கூட்டுத்தொகை தண்ணி மட்டத்துக்கு அதை விடக் கீழ போயிட்டுதெண்டா, மிச்ச நாலும் தலகீழா நிண்டாலும் அந்த இடம் தண்ணிக்கு மேல வராது. அவடத்தோட விடுங்க, இது வாவி. மூண்டுல ரெண்டு பங்கு வேலை மிச்சம், வாவி பெரிசு, மிச்சமும் பெரிசு. வட்டைக்கும் இதே மாதிரி, மலை எங்க வரலாம் எண்டு சொல்ற ஒரு பரும்படியான நொய்ஸ் வச்சு, அது பூச்சியமா இருக்கிற இடத்துல மலை ஒக்டேவத் தொடவே வேணாம். பாறைகள நாலஞ்சு கையால வச்சிருங்க, பிள்ளைகளே வைக்கட்டும்.

உண்மையான தரவு எண்டா, 2000ம் ஆண்டு பெப்ரவரியில எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியச் சுத்தி ரேடாரால அளந்தது இருக்கு, எஸ்.ஆர்.டி.எம் எண்டு தேடினாக் கிடைக்கும், இலவசம். கிட்டத்தட்ட 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு ஃபைல்ல 3,601க்கு 3,601 புள்ளி, ஒவ்வொண்டும் 2 பைட், 26 மெகாபைட் அளவுல வரும். அத அப்படியே ஃபோன்ல ஏத்தாம வெட்டித் துண்டு துண்டா வச்சு வாசிச்சா நொய்ஸை விடக் கெதியா வரும், கணக்கே இல்லையே, வாசிக்கிறது மட்டும்தானே.

ஆனா ரெண்டு ஏமாத்தம் இருக்கு, முன்னமே சொல்லிர்றன். அந்த ஃபைல்ல உயரம் முழு மீட்டர்லதான் இருக்கும், 2 இல்லாட்டி 3, நடுவுல ஒண்டும் இல்ல. மலைநாட்டுல அது தெரியாது. நம்மட கடற்கரைப் பக்கம் முழு நிலமுமே கடலுக்குக் கொஞ்சம் மேலதான், அதால மெல்லிசாச் சரியுற வட்டை எல்லாம் ஒரு மீட்டர் படிக்கட்டு மாதிரி வரும். ரெண்டாவது, அந்த ரேடார் மண்ண மட்டும் பாக்கல்ல, தோப்புக்கு மேலயும் பட்டுத் திரும்பியிருக்கு. தென்னந்தோப்பு நிண்ட இடம் மேடு மாதிரித் தெரியும், நீங்க அந்த மேட்டுக்கு மேல திரும்பவும் தென்ன மரம் நட்டா பிள்ளைகள் சிரிப்பாங்க. தரவ முதல்ல ஒருக்கா மழுக்கி, படிக்கட்ட அழிச்சுட்டு, அதுக்கு மேல ஒரே ஒரு சின்ன நொய்ஸ் ஒக்டேவ் தூவுங்க. வாவிய மட்டும் தரவுல நம்பாம, வரைபடத்தப் பாத்துக் கோடு கீறி பூச்சிய மட்டத்துல ஒரு தண்ணித் தட்டா வைங்க.

வாவி நீளம் 56 கிலோமீட்டர் எண்டு பாடப் புத்தகத்துல படிப்பிக்கிறிங்கதானே. முழு நீளத்தையும் ஒரே உலகமா வச்சா கடைசியில போய் நிக்கக்குள்ள 32 பிட் தசம எண்ணுக்கு 4 மில்லிமீட்டரை விட நுணுக்கமா இடம் சொல்லத் தெரியாது, தோணியும் துடுப்பும் லேசா நடுங்குற மாதிரித் தெரியும். ஆள் ரெண்டு மூண்டு கிலோமீட்டர் போன உடன முழு உலகத்தையும் பின்னால தள்ளி ஆளத் திரும்பப் பூச்சியத்துல வச்சிருங்க. பிள்ளைகளுக்கு இதச் செய்யக் குடுங்க, நல்லா ரசிப்பாங்க.

இறக்க வேண்டிய ஃபைலோட பேர் வடக்கு 07, கிழக்கு 081 எண்டு இருக்கும். மட்டக்களப்பு நகரம், கல்முனை, அம்பாறை, அக்கரைப்பற்று எல்லாம் அந்த ஒரு சதுரத்துக்குள்ளயே. பொத்துவில் ஆக்கள் கோவிக்க வேணாம், அறுகம்குடா வடக்கு 7 பாகைக் கோட்டுக்குக் கீழ விழுந்துட்டுது, நீங்க வடக்கு 06 இறக்குங்க.